பதினேழு புள்ளி இரண்டு

நவம்பர் 10, திங்கள்

நான்கு நாளாகத் துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. மாவும் புளிக்கவில்லை, இட்லி கல்லாக வந்தது. அதைத் தின்றுவிட்டு ஆபீஸ் போனேன்.

தண்டபாணி சார் வந்ததும் வராததுமாக என் தலையில் ஒரு வேலையைக் கட்டினார். எங்கள் கம்பெனியில் மொத்தமே ஒன்பது பேர். ஏழு ஏரிகளில் நீர்மட்டம் அளக்கும் கருவி வைத்திருக்கிறோம். அந்தக் கருவிகளிடம் இப்போது எத்தனை அடி என்று கேட்டு, வந்த பதிலைக் கட்டுப்பாட்டு அறையின் திரைக்கும் பொதுமக்களின் செல்போன் ஆப்புக்கும் அனுப்புகிற சர்வீஸ் என்கிற புரோகிராம் என் பொறுப்பு. இப்போது இன்னொரு மாவட்டமும் இதையே கேட்கிறதாம். சர்வீஸில் எந்தத் தவறு நடந்தால் எந்த எண் திரும்பி வரும் என்று ஓர் ஆவணம் வேண்டுமாம்.

"ரெண்டு மூணு நாள்ல முடிச்சிடும்மா. அட்டவணைதானே" என்றார்.

அட்டவணைதான். ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் எதையாவது கேட்டால், பதிலோடு மூன்று இலக்க எண் ஒன்றும் வரும். 200 என்றால் எல்லாம் சரி, பதிலை நம்பி எடுத்துக்கொள்ளலாம். நான்கில் தொடங்கினால் கேட்டவர் மேல் தப்பு. ஐந்தில் தொடங்கினால் எங்கள் மேல் தப்பு. பதினொரு வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியிருக்கிறேன், இதை எழுத முடியாதா?

நவம்பர் 11, செவ்வாய்

400: கேள்வியே தப்பு. 401: நீ யார் என்று முதலில் சொல். 403: நீ யார் என்று தெரியும், ஆனாலும் உனக்குக் கிடையாது. 404: அப்படி ஓர் ஏரியே எங்களிடம் இல்லை. 429: நச்சரிக்காதே, கொஞ்சம் பொறு. எழுத எழுத ஜாலியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் முகம் நினைவுக்கு வந்தது.

ஐந்துகளுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. எங்கள் ஆபீஸில் ஐந்துகளுக்கு மரியாதை கிடையாது. திங்கட்கிழமை காலையில் சார் வாட்ஸப் குழுவில் ஒரு பட்டியல் போடுவார், போன வாரம் யாருடைய சர்வீஸ் எத்தனை ஐந்து விட்டது என்று. முதலிடம் பிடித்தவர் எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கித் தர வேண்டும். பப்ஸில் ஒன்றும் இல்லை. அதைத் தின்றுகொண்டே அடிக்கிற கிண்டல்தான் தாங்காது. அந்த வாரம் முழுக்க அவருக்குப் பெயரே பப்ஸ்.

நான் ஒன்றரை வருடமாக வாங்கவில்லை.

நவம்பர் 12, புதன்

கருவி பதில் சொல்லாவிட்டால் 504. பின்னால் இருப்பவரைக் கேட்டோம், அவர் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். 504 போனால் கட்டுப்பாட்டு அறைத் திரையிலும் ஆப்பிலும் அந்த ஏரியின் பச்சைப் பெட்டி சாம்பல் நிறமாகும். அரை மணி நேரம் சாம்பலாகவே இருந்தால் அந்த ஏரியின் லஸ்கருக்கு போன் போகும். லஸ்கர் என்றால் ஏரியைக் காவல் பார்க்கிற அரசு ஊழியர். அவர் மதகுக்குப் போய், சுவரில் பெயிண்டால் எழுதிய அளவுகோலைக் கண்ணால் பார்த்துச் சொல்வார். இதுதான் ஏற்பாடு.

ஆவணத்தில் எழுதுவதும் சர்வீஸ் செய்வதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கப் போனேன். ஒன்றாக இல்லை. கருவி பதில் சொல்லாவிட்டால், கடைசியாக அது சொன்ன அளவையே எடுத்து 200 போட்டு அனுப்பு என்று யாரோ ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும். கேட்கவில்லை. மணி ஆறாகிவிட்டது, பிறகு ஷேர் ஆட்டோ கிடைக்காது.

நவம்பர் 13, வியாழன்

நான்காம் பெட்டி, மாவேலிப்பாக்கம் ஏரி: 17.2 அடி. பச்சை. நேற்றும் 17.2. ஏரி நிறைந்தால் 24.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 15, சனி

லீவுதான். ஆனாலும் வீட்டிலிருந்தே சர்வீஸின் பதிவுகளைப் பார்த்தேன். மாவேலிப்பாக்கம் கருவி கடைசியாகப் பேசியது இந்த மாதம் ஐந்தாம் தேதி காலை. அதற்குப் பிறகு நாங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறோம், அது பேசவில்லை, நாங்கள் 17.2 என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். பத்து நாள். இந்தப் பத்து நாளில் மழை இல்லாத நாள் மூன்றோ நான்கோ.

பயமாக இருக்கிறது. அந்த ஏரியின் மதகுக்கு நேர் கீழேதான் மதகடித் தெரு. அதில் கடைசி வீடு என் அக்கா புஷ்பாவுடையது. தரைத்தளம் மட்டும். முன் அறையில் கட்டிலில் அக்காவின் கணவர் குப்புராஜ் மாமா. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பு கடையும் டர்னராக இருந்த மனிதர், இப்போது புரண்டு படுக்கவே அக்கா வேண்டும். அவரைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். தண்ணீர் வந்தால் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். தெரியாமல் வந்தால், அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நவம்பர் 17, திங்கள்

சாரிடம் சொன்னேன்.

"நாலாம் கருவி பேசல சார். பழைய அளவுதான் போயிட்டிருக்கு."

"பச்சையாதானே இருக்கு?"

"அதான் சார் பிரச்சனையே."

கதவைச் சாத்தச் சொன்னார். "ஏம்மா, புது மாவட்டம் கையெழுத்துப் போடப் போறான். மழை முடியற வரைக்கும் புரோகிராம் கோட்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன், நானே வைக்க முடியுமா? கருவிய ரிப்பேர் பண்ண வியாழக்கிழமை ஆள் போகும். அது பேசிட்டா உன் வரி என்னவா இருந்தா என்ன?" அப்புறம் அவராகவே, "ஷாகுல் பாத்த பகுதிதானே அது? அவன் எழுதினதாத்தான் இருக்கும். போறப்ப எதையெதையோ விட்டுட்டுப் போயிருக்கான்" என்றார்.

ஷாகுல் ஆறு மாதம் முன்பு வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்ட பையன். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்த வாரப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே பூஜ்ஜியம். பப்ஸ் சூடாக இருந்தது. கடிக்காமல் டிராயரில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

ஷாகுலிடமிருந்து வாட்ஸப்: "அக்கா, அங்க என் பேரு ஏதோ அடிபடுதாமே? என்ன ஆச்சு?"

கேஸ் புக் செய்ய வேண்டும். பாத்ரூம் குழாய் சொட்டுகிறது, பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

ஏரிக்குப் போகிற மண் பாதை சேறாகிவிட்டதாம். ரிப்பேர் ஆள் வண்டியை இறக்க முடியாமல் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் பார்க்கலாமாம்.

17.2. பச்சை.

நவம்பர் 22, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேராக வீட்டுக்குப் போகவில்லை, முதலில் ஏரிக்கரைக்குப் போனேன். குடையைக் காற்று இரண்டு தடவை திருப்பிவிட்டது. மதகுச் சுவரில் அளவுகோலைப் பார்த்தேன். தண்ணீர் 22-க்கு மேலே இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், இருபத்திரண்டேதான். 

பிளாஸ்டிக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். "யாரும்மா அது? ஓரமா நிக்காத, கரை வழுக்கும்." அவர்தான் லஸ்கர் ஏகாம்பரம்.

"தண்ணி இவ்ளோ ஏறியிருக்கே, மேல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லாமயா? மூணு நாளா போன் போட்டுக் கத்தறேன். கன்ட்ரோல் ரூம்ல இன்னா சொல்றாங்க தெரியுமா? ஸ்கிரீன்ல பதினேழு காட்டுது, நீ போயி மொதல்ல கண்ணாடிய மாத்துங்கறாங்க. நேத்து மெமோவே குடுத்துட்டாங்கம்மா. தப்பான தகவல் சொல்லி ஜனங்கள பயமுறுத்தறேனாம்." சிரித்தார். சிரிக்கிற முகமாக அது இல்லை. "இருவத்தாறு வருஷமா இந்தச் செவுத்தப் பாக்கறேன். மிஷினுதான் கரெக்டுன்னா நான் இன்னாத்துக்கு? ஆமா, நீ யாரு?"

"கீழ மதகடித் தெருவுல எங்க அக்கா வீடு" என்றேன். அது உண்மைதான். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அக்கா வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே, "ரெண்டு நாள் மாமாவைக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடேன் அக்கா" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்கா? உங்க மாமாவைக் கயிறு கட்டியா ஏத்துவ?"

"அப்ப எதிர்வீட்டு டெய்லர் மாடியிலயாவது..."

"என்னடி ஆச்சு உனக்கு? உன் ஆப்புலயே பச்சைன்னுதானே காட்டுது. தெனம் காலையில தெருவே வந்து ஜன்னல்ல நின்னு உங்க மாமாவைக் கேட்டுட்டுத்தான் வேலைக்குப் போவுது. அவரு போனைத் தூக்கிக் காட்டுவாரு, பச்சையப் பாத்துட்டு நிம்மதியா போவாங்க. என் தங்கச்சி செஞ்சதுன்னு நானும் பெருமையடிச்சுப்பேன்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் சோறு இருந்தது. "சும்மா கேட்டேன்" என்றேன்.

அக்கா பாத்திரம் கழுவப் போனதும் மாமா இடது கையால் என்னைக் கூப்பிட்டார். தலையணைக்கு அடியிலிருந்து காலண்டர் தாள்களை எடுத்தார். தினம் கிழிக்கிற தாளை எறியாமல், பின்பக்கத்தில் அன்றைய ஏரி அளவை எழுதி வைக்கிறார், இடது கையால், கோணல்மாணலாக. ஒவ்வொன்றாகப் படுக்கையில் பரப்பினார். 16.8. 17.0. அப்புறம் ஐந்தாம் தேதி 17.2. ஆறாம் தேதி 17.2. ஏழாம் தேதி 17.2. பதினெட்டுத் தாளில் 17.2.

ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற மழையைக் காட்டினார். தாள்களைக் காட்டினார். அப்புறம் என்னையே பார்த்தார். முப்பது வருடம் அளவுக் கருவியோடு வாழ்ந்தவர், நகராத முள் எப்படிப்பட்ட முள் என்று அவருக்குத் தெரியாதா? நான் சின்ன வயதில் பாவாடையில் மை கொட்டிவிட்டு வந்தால் இப்படித்தான் பார்ப்பார். திட்டமாட்டார், நானாகச் சொல்லும்வரை காத்திருப்பார்.

"திங்கட்கிழமை சரியாயிடும் மாமா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை என்று நினைத்து இதிலேயே பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன், கேவலமாக இருக்கிறது.

அந்த வரியை எழுதியது நான்.

போன வருடம் ஜூன் மாதம் பெரிய அதிகாரி ஒருவர் திரையைப் பார்வையிட வந்தார். அன்று காலை இரண்டு கருவி பேசவில்லை. "இன்னைக்கு மட்டும் எல்லாம் பச்சையா இருக்கணும் சுகந்தி" என்றார் சார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. எப்படி என்று எனக்குத் தோன்றியது. பத்து நிமிட வேலை. சாயங்காலம் எடுத்துவிடலாம் என்றுதான் எழுதினேன். அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த திங்கள் பட்டியலில் எனக்குப் பூஜ்ஜியம். அதற்கு முன்பு மூன்று வாரம் தொடர்ந்து நான்தான் பப்ஸ். நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு அதை மறந்தேபோனேன் என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நினைவு வரும்.

ஷாகுலுக்கு இன்னும் பதில் போடவில்லை.

சாருக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. "மாவேலிப்பாக்கம் நிஜ அளவு 22-க்கு மேல். நேரில் பார்த்தேன்" என்று செய்தி அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது.

நவம்பர் 24, திங்கள்

"இன்னைக்கு வாராந்திர ரிப்போர்ட் போயிடட்டும். நாளைக்கு உக்காந்து பேசலாம்" என்றார் சார். பட்டியலில் பூஜ்ஜியம்.

நாளைக்கு என்று அவர் சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது.

நவம்பர் 25, செவ்வாய்

 வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை எட்டு மணிச் செய்தியில், மேற்கே நேற்று கொட்டிய மழை பதினெட்டு சென்டிமீட்டர் என்றார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் மாவேலிப்பாக்கத்துக்குத்தான் வரும். ஏகாம்பரத்துக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆபீஸில் சார் இன்னும் வரவில்லை. 17.2 பச்சையாக, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

பத்து நாற்பதுக்கு அந்த வரியை அழித்தேன். அந்த இடத்தில் 504 என்று எழுதி, யாரையும் கேட்காமல் சர்வரில் ஏற்றினேன். ஒன்றரை வருடம் தள்ளிப்போட்ட வேலைக்கு நான்கு நிமிடம் ஆனது.

நான்காம் பெட்டி சாம்பலாகும் என்று தெரியும். இரண்டாம் பெட்டியும் சாம்பலானது. ஆறாம் பெட்டியும் சாம்பலானது. மூன்று ஏரி! இரண்டாவதும் ஆறாவதும் செத்துக் கிடப்பது எனக்கே தெரியாது. 

அக்காவுக்கு போன் செய்தேன்.

"அக்கா, இப்பவே மாமாவை டெய்லர் மாடிக்கு ஏத்து. ஆளைக் கூப்பிடு."

"எதுக்கு? ஆப்பு வேற இப்ப வேலை செய்யல போலிருக்கு, ஏதோ சாம்பல் கலராயிருக்கு. சாயங்காலம் பச்சை வந்ததும் பாத்துக்கலாம். சாதம் கொதிக்குதுடி..."

"பச்சை பொய் அக்கா. இருபது நாளா பொய். நான் எழுதின பொய். கருவி எப்பவோ செத்துடுச்சு, அதுக்குப் பதிலா நான்தான் பழைய நம்பரைக் காட்ட வச்சேன். ஏரி நிரம்பப் போவுது."

சாதம் கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"நெசமா எத்தன அடி?"

"சனிக்கிழமையே இருபத்திரண்டுக்கு மேல இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"சனிக்கிழமையே தெரியுமா உனக்கு?"

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

சார் நனைந்துகொண்டே ஓடி வந்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? கன்ட்ரோல் ரூம்லேருந்து போன் மேல போன். மூணு பெட்டி சாம்பல்! அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுங்க சார். அதான் உண்மை. நமக்குத் தெரியல. தெரியாததுக்குத்தான் அந்த நம்பர்."

"பழையபடி மாத்து."

"மாட்டேன் சார்."

நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது இதுவே முதல் தடவை. குரல் கீச்சென்று வந்தது. அவர் என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வந்தார். நான் எழுந்து அதற்கு முன்னால் நின்றேன். என்ன தைரியமோ.

பதினொன்றேகாலுக்குக் கட்டுப்பாட்டு அறை லஸ்கர்களைத் தேடிப் பிடித்தது. ஏகாம்பரம் சொன்ன அளவு 23.6. இந்தத் தடவை யாரும் அவரைக் கண்ணாடி மாற்றச் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு மதகைத் திறந்து உபரி நீரை விடப் போகிறோம், கரையோரத் தெருக்கள் காலி செய்யவும் என்று அறிவிப்பு வந்தது. இரண்டே முக்கால் மணி நேரம். சனிக்கிழமை சொல்லியிருந்தால் மூன்று நாள்.

ஒரு மணிக்குப் பிறகு அக்கா போன் போகவில்லை.

நவம்பர் 26, புதன்

அக்கா போன் இல்லை. மாமா போன் இல்லை. ஏகாம்பரம் போன் இல்லை. ரயில் இல்லை. பஸ் தாம்பரத்தோடு நின்றுவிட்டது. அங்கேயே மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நான்கு ஆள் கிடைத்தார்களா? பகல் பதினோரு மணிக்குத் தெருவில் ஆம்பளைகள் யார் இருந்திருப்பார்கள்? எல்லோரும் காலையில் மாமாவிடம் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பார்கள்.

நவம்பர் 27, வியாழன்

உயிரோடு இருக்கிறார்கள்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பள்ளிக்கூடம் வரை டிராக்டரில் போய், பிறகு முழங்கால் தண்ணீரில் நடந்தேன். டெய்லர் வீட்டு மாடியில் மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியோடுதான் தூக்கியிருக்கிறார்கள். ஆள் கிடைக்காமல் அக்கா, டெய்லர், டெய்லர் மனைவி, காய்கறி வண்டிக்காரர் என்று நான்கு பேர். படியில் இரண்டு தடவை நாற்காலி சரிந்ததாம். அவரை மேலே வைத்து ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கோடு என் மார்புக்கு மேலே இருக்கிறது. கட்டில் மிதந்து வந்து வாசற்கதவில் குறுக்காக மாட்டியிருக்கிறது. அதில் மாமா இருந்திருந்தால் என்று நினைத்தேன், சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெருவில் யாரும் சாகவில்லை. ஆனால் டெய்லரின் ஐந்து தையல் மெஷினும் கீழேதான் இருந்தன. மாமாவைத் தூக்கிய நேரத்தில் அவர் அவற்றைத் தூக்கியிருக்கலாம். ஏகாம்பரம் அன்று முழுக்க மதகிலேயே நின்றாராம், அவர் போன் தண்ணீரில் போய்விட்டது.

அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துடைப்பத்தை என் கையில் கொடுத்து, சேறு தள்ள வேண்டிய மூலையைக் காட்டினாள். இருட்டும் வரை தள்ளினேன்.

நவம்பர் 29, சனி

இன்றும் போய்ச் சேறு தள்ளினேன். அக்கா பேசவில்லை. மாமாவுக்கு டீ கொடுக்க மாடிக்குப் போனபோது சட்டைப்பையிலிருந்து ஒரு கற்றையை எடுத்தார். காலண்டர் தாள்கள். வீட்டில் மாத்திரைப் பையையும் போனையும் இதையும் தவிர எதுவும் மிஞ்சவில்லை. நாற்காலியில் தூக்கும்போது தலையணையைக் காட்டிக் காட்டி அடம் பிடித்தாராம், பணமாக்கும் என்று அக்கா எடுத்துக் கொடுத்தாளாம்.

அதிலிருந்து 17.2 தாள்களை மட்டும் பிரித்தார். ஐந்தாம் தேதி முதல் இருபத்தைந்தாம் தேதி வரை, இருபத்தொன்று. அதில் முதல் தாள் மட்டும் உண்மை. மற்ற இருபதும் நான். அவற்றை என் உள்ளங்கையில் வைத்து, இடது கையால் என் விரல்களை மடக்கிவிட்டார். கோபமாக இருந்தாரா என்று தெரியவில்லை. அவர் முகத்தின் பாதிதான் இப்போது அசைகிறது.

டிசம்பர் 1, திங்கள்

விசாரணைக்கு அறிக்கை கேட்டிருக்கிறார்கள்.

"ஷாகுல் பேரைப் போட்டுடு. அவன் இங்க இல்ல, அவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் சார்.

காரணம் என்ற இடத்தில் அந்த வரியை எழுதினேன். எழுதியவர் என்ற இடத்தில் சுகந்தி என்று எழுதினேன். மாவேலிப்பாக்கம் லஸ்கர் சொன்ன அளவுகள் அத்தனையும் சரி, அவருக்குக் கொடுத்த மெமோ எங்கள் பொய்யால் கொடுத்தது என்று தனியாக ஒரு பத்தி எழுதினேன். இருபத்தொரு தாளையும் நகலெடுத்து இணைத்தேன். அந்த அட்டவணையையும் முடித்து அனுப்பிவிட்டேன். கடைசி வரிசை: கருவி பதில் சொல்லாவிட்டால் 504, பழைய அளவை எந்தக் காரணத்துக்காகவும் 200 போட்டு அனுப்பக் கூடாது.

ஷாகுலுக்கும் எழுதினேன். "சரிக்கா" என்று மட்டும் பதில் வந்தது.

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வாரம் சார் பட்டியல் போடவில்லை.

டிசம்பர் 10, புதன்

அக்கா வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாகப் பேசுகிறாள், சுண்ணாம்பு, வாளி என்ற அளவில். மாமா பழைய மூலைக்கே வந்துவிட்டார், புதுக் கட்டில்.

மதியம் மறுபடி மழை பிடித்தது. போன வாரம்தான் ரிப்பேர் ஆகிப் பேச ஆரம்பித்திருந்த கருவி மறுபடி வாயை மூடியது, மாமாவின் போனில் நான்காம் பெட்டி சாம்பலானது. எனக்குப் பயம் வந்தது. ஆனாலும் பொய்ப் பச்சையை விட இந்தச் சாம்பல் பரவாயில்லை என்று நினைத்தேன். ஏகாம்பரத்தின் புது நம்பருக்கு போன் செய்தேன். மெமோவை வாபஸ் வாங்கிவிட்டார்களாம். கண்ணால் பார்த்து 19.4 என்றார், பயமில்லை என்றார். மாமா காலண்டர் தாளில் 19.4 எழுதி, பக்கத்தில் ஏகாம்பரம் என்றும் எழுதினார்.

"அக்கா, பத்தொன்பது புள்ளி நாலு. பயமில்லையாம்" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்காமல் மாமாவின் போனை எடுத்து, ஏகாம்பரத்தை அவளே கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.